கியர் பாக்ஸ் இறக்காத வண்டி

சிறுவாச்சூர்ப் பக்கம் ஹைவேயில் போய் வருகிற டிரைவர்களில் பாதிப் பேருக்குச் செங்கமலத்தைத் தெரியும். பேர் தெரியாது, ஆளைத் தெரியும். புடவைக்கு மேலே நீலச் சட்டை, தலையில் தொப்பி, வாயில் ஓயாத பேச்சு. "அண்ணே, முன்னாடி தள்ளி நிறுத்துங்கண்ணே, ஒங்க லாரி வாலு இன்னும் ரோட்டுலயே கெடக்கு" என்று அவள் போடுகிற சத்தத்தில் தூங்கி வழிகிறவன்கூட நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவான். டீசல் குழாயை டேங்கில் செருகிவிட்டு, "ஜீரோ பாத்துக்கங்க" என்பாள். மீட்டரில் ஜீரோ இருப்பதைக் கண்ணால் பார்த்துத் தலையாட்டினால்தான் அமுக்குவாள். எந்தப் பெட்ரோல் பங்கிலும் சொல்கிற வார்த்தைதான். மற்றவர்கள் ஒப்புக்குச் சொல்வார்கள். இவள் பார்க்க வைக்காமல் விட மாட்டாள்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு வண்டி வந்தால் மட்டும் ஊமையாகிவிடுவாள். கறுப்பு வண்டி. ஒரு சின்ன வீட்டுக்குச் சக்கரம் வைத்த மாதிரி அகலம். ஏறுவதற்குப் படி, படிக்கு ஒரு விளக்கு. அதை ஓட்டி வருகிறவன் நடராசன். செங்கமலத்தின் செத்துப்போன புருஷன் வேல்முருகனுக்குக் கூடப் பிறந்த அண்ணன். அவன் கண்ணாடியை நாலு விரல் இறக்குவான், ஸ்டியரிங்கைப் பார்த்து "ஃபுல்" என்பான். அவள் வாயைத் திறக்காமல் மீட்டரை விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். அவன் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்தால் அவள் முகத்தையும் பார்க்க வேண்டும்.

அந்த வண்டி வந்த கதையைச் சொல்லாமல் இவள் கதையைச் சொல்ல முடியாது.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அவர்கள் ஊர். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுவில் ஒரு மேட்டுக்காடு இருந்தது. ஒரு வருசம் பருத்தி, ஒரு வருசம் மக்காச்சோளம். அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறதென்று தெரிந்ததும் நடராசன் விற்றுவிட்டான். தம்பி காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டான். "ஒனக்கு ஒரு வூடு கட்டித் தரேன்டா" என்றான் அண்ணன். வீடு வரவில்லை, இந்த வண்டி வந்தது. செங்கமலம் கேட்டதற்கு வேல்முருகன் சிரித்தான். "அண்ணன் வண்டின்னா நம்ம வண்டிதான்டி" என்றான்.

அப்படித்தான் நம்பினான் அந்த மனுஷன். வாரா வாரம் வாளியும் துணியுமாகப் போய் அந்த வண்டியைக் குளிப்பாட்டுவான். சக்கரத்துக்கு உள்ளே கையை விட்டுச் சேறு எடுப்பான். மகள் கவியாவின் தலையைக்கூட அவ்வளவு பக்குவமாகத் துவட்டியிருக்க மாட்டான். அதில் ஏறி உட்கார்ந்தது ஒரே ஒரு தடவை, ஏலாக்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது. அதுவும் கடைசி சீட்டில், பாத்திரக் கூடைக்குப் பக்கத்தில்.

வண்டியைக் குறை சொல்ல முடியாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். செங்கமலமே ஒப்புக்கொள்வாள். நல்ல வண்டி. மற்ற கார்கள் வயிறு தட்டி நிற்கிற குவாரிப் பாதையில் அது பாட்டுக்கு ஏறிப் போகும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிக்காரன் சின்னக் காரைக் கண்டால் ஒதுங்க மாட்டான், இதைக் கண்டால் ஒதுங்குவான். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த வருசம் தா.பழூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுச் சனத்தை முழங்கால் தண்ணீரில் ஏற்றி வந்தது இந்த வண்டிதான். உள்ளே உட்கார்ந்தால் வெளியில் வெயில் அடிக்கிறதா என்றே தெரியாது. உள்ளாட்சித் தேர்தலில் நின்றபோது ஊரில் எவள் பிள்ளைத்தாய்ச்சி என்று தேடித் தேடிப் போய் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனான் நடராசன். நாலு பேர் பார்க்கிற இடமென்றால் அவன் மனசும் வண்டி மாதிரியே விசாலமாகிவிடும். பார்க்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் செங்கமலம் பார்த்தாள்.

மாசி மகத்தன்று. காலையில்தான் வேல்முருகன் வண்டியைக் கழுவித் துடைத்து ஷெட்டில் நிறுத்திவிட்டு வந்தான். அண்ணன் மறுநாள் உடையார்பாளையத்தில் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டும், புது சீட் கவர் போட்டிருந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஊர்ச் சனம் முக்கால்வாசி தீர்த்தவாரிக்குப் போயிருந்தது. 108 வேறொரு பக்கம் போயிருப்பதாகச் சொன்னார்கள். செங்கமலம் தலைவிரி கோலமாக ஓடி நடராசன் வாசலில் நின்றாள்.

"மாமா, ஒங்க தம்பிக்கு நெஞ்சு வலி. வண்டிய எடுங்க மாமா. பெரம்பலூர் போயிடலாம்."

நடராசன் எழுந்திருக்கவில்லை. "வாயுப் பிடிப்பா இருக்கும். சோடா வாங்கிக் குடு" என்றான்.

"வேர்த்துக் கொட்டுது மாமா. ஒரு எட்டு வாங்க."

"நாளைக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றதுக்கே டேங்க்குல பத்தாது. நெனச்ச நெனச்ச நேரத்துக்கு எடுக்கறதுக்கு டீசல் என்ன தண்ணியா வருது? ஷேர் ஆட்டோவக் கூப்பிடு."

அவன் பெண்டாட்டி சுமதி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. ஷெட்டின் தகரக் கதவு இடுக்கில் வண்டியின் மூஞ்சி பளபளவென்று தெரிந்தது. அதை அப்படிப் பளபளப்பாக்கியவன் தெருக்கோடி வீட்டில் சுருண்டு கிடந்தான்.

ஷேர் ஆட்டோ கிடைத்தது. முன்னால் வரிசையாக டிப்பர்கள். ஆட்டோக்காரன் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் ஒருவனும் ஒதுங்கவில்லை. சுண்ணாம்புத் தூசி உள்ளே வந்து வேல்முருகன் முகத்தில் படிந்தது, அவள் துடைத்துக்கொண்டே போனாள். பெரம்பலூர் எல்லைக்குள் நுழையும்போது மடியில் இருந்த தலை கனத்துப்போனது.

சாயங்காலம் ஊர் கூடியது. ஊர் நாட்டாண்மை கண்ணையன் நியாயமாகத்தான் கேட்டார். "ஏன் நடராசு, வண்டி இருந்தும் எடுக்கலியா?" நடராசன் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதான். "பாழாப்போன வண்டி இன்னிக்கின்னு பாத்தா வூட்டுல இல்லாமப் போவணும்! கியர் பாக்ஸ் போயி திருச்சி ஒர்க்‌ஷாப்புல எறக்கி வச்சிருக்கான் பெரியப்பா. இருந்திருந்தா எந்தம்பிய உட்டுருவனா?" செங்கமலம் கத்தினாள், ஷெட்டில்தான் நிற்கிறது என்றாள். போய்ப் பார்த்தார்கள், ஷெட் காலி. அவள் ஆட்டோவில் போன பின்னால் ஆளை விட்டு வண்டியைத் திருச்சிக்கு ஓட்டிவிட்டிருக்கிறான். புருஷனைப் பறிகொடுத்தவள், பித்துப் பிடித்துப் பேசுகிறாள் என்று ஊர் அவளைத்தான் பிடித்து உட்கார வைத்தது.

காரியத்தன்று எல்லார் முன்னாலும் அவள் சொன்னாள். "வண்டி எங்க நின்னுச்சுன்னு இந்தாளு வாயால ஊருக்குச் சொல்ற வரைக்கும் இந்தாளுகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்." பங்கு கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் வேண்டும். கவியாவைக் கூட்டிக்கொண்டு சிறுவாச்சூரில் ஒரு ரூமுக்கு வந்தாள். பெட்ரோல் பங்கில் பெண்களை வேலைக்குச் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றாள். எந்தக் குழாய் வேண்டும் என்று மேனேஜர் கேட்டபோது, யோசிக்காமல் "டீசல்" என்றாள். அவள் கையில் அது தண்ணீர் மாதிரிதான் வந்தது. ஆரம்பத்தில் தினமும் அழுதாள்.

பிறகு ஒரு நாள் கறுப்பு வண்டி உள்ளே வந்தது. அவளைப் பார்த்ததும் நடராசனுக்கு முகம் செத்துவிட்டது. திரும்பிப் போயிருக்கலாம், ஆனால் வண்டியின் டீசல் முள் படுத்துக் கிடந்தது. வேறு பங்குக்கு மாறியிருக்கலாம், ஆனால் ஒரு பொம்பளைக்குப் பயந்து மாறினான் என்று ஆகிவிடுமே! தவிர, இந்த பங்க் டீசல் போட்டால்தான் வண்டி நன்றாக இழுக்கிறது என்று எவனோ சொல்லி அவன் மண்டையில் ஏற்றியிருந்தான். அதனால் வந்தான், திரும்பத் திரும்ப வந்தான். அந்த வண்டி குடிக்கிற குடிக்கு வராமல் இருக்க முடியாது.

கூட வேலை பார்க்கிற கொளஞ்சி அவள் காதைக் கடித்தாள். "ஏக்கா, ஒரு நாளைக்கு கொழாய மாத்தி பெட்ரோல உடு. இன்ஜின் வெந்து போவும். தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லிக்கலாம்."

"மாட்டேன்டி" என்றாள் செங்கமலம். "வண்டி போச்சுன்னா அவன் பாவம்னு ஊரு உச்சுக் கொட்டும். எனக்கு வண்டி வேணாம். அவன் வாயிதான் வேணும்."

அதற்காகச் சும்மா காத்துக்கிடக்கவில்லை. ரசித்துக்கொண்டே காத்திருந்தாள். ஒவ்வொரு தடவை குழாயை அமுக்கும்போதும் மேட்டுக்காடு டேங்குக்குள் இறங்கிப் போவதாக நினைத்துக்கொள்வாள். குடி, நல்லாக் குடி என்று மனசுக்குள் சொல்வாள். வண்டியும் வஞ்சனையில்லாமல் குடித்தது. நடராசனின் தெருவில் அதைத் திருப்ப முடியாது, முக்கு வரைக்கும் ரிவர்ஸிலேயே போக வேண்டும். டவுனில் நிறுத்த இடம் கிடைக்காமல் அரை ஊரைச் சுற்றுவான், அந்தச் சுற்றுக்கும் அது குடிக்கும். ஒரு டயர் மாற்றினால் அந்த மாசம் வீட்டில் சண்டை. சுமதியின் கழுத்து வெறும் கழுத்தானதைச் செங்கமலம் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். "ஃபுல்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் பிறகு "பாதி" என்றான். ஒரு நாள் அதற்கும் கீழே ஏதோ முணுமுணுத்தான். அன்றைக்கு அவளுக்குச் சோறு ருசியாக இறங்கியது. இது பாவமென்றால் பாவமாகவே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலேயே ஊர்ச் சனம் ஒரு வேனில் வந்து டீசல் போட்டுக்கொண்டு சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போனது. நாட்டாண்மை கண்ணையனின் பேத்திக்குக் காது குத்து. "நீயும் வா தாயி" என்று பெரியவர் கூப்பிட்டார். "ட்யூட்டி முடிச்சுட்டு வரேன் பெரியப்பா" என்று சொல்லி அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் கறுப்பு வண்டி வந்தது. இந்தத் தடவை ஓட்டிக்கொண்டு வந்தவர் வேறு ஆள். துறையூர்ப் பக்கம் கல் உடைக்கிற கிரஷர் வைத்திருக்கும் சிவசுப்பிரமணியன். பக்கத்து சீட்டில் நடராசன், பின்னால் சுமதி. வந்தவர் கியரையும் பிரேக்கையும் சோதித்துப் பார்க்கிற விதத்திலேயே, நடராசன் வண்டியை விற்கப்போகிறான் என்று செங்கமலத்துக்குப் புரிந்தது. வண்டி கைமாறிவிட்டால் இவன் ஏன் இந்தப் பக்கம் வரப்போகிறான்? அவனும் தப்பிப்பான், பொய்யும் தப்பிக்கும்.

நடராசன் பீற்றிக்கொண்டிருந்தான். "சர்வீசுக்கு உட்டதத் தவிர ஒர்க்‌ஷாப் பக்கமே போனதில்லீங்க. புள்ள மாதிரி வச்சிருக்கேன்."

செங்கமலம் குழாயைக் கையில் எடுத்தாள். நடராசனைப் பார்க்கவில்லை. வாங்க வந்தவரைப் பார்த்து, பழைய சிரிப்போடு பேசினாள். "பெரிய வண்டி வாங்குறீங்க போலருக்கு சார். கியர் பாக்ஸ் எறக்கின வண்டியான்னு மட்டும் நல்லாக் கேட்டுக்குங்க. ஒரு தடவை எறக்குனா அப்புறம் ஒர்க்‌ஷாப்புலதான் குடியிருக்கணும்னு டிரைவருங்க பேசிக்குவாங்க."

சிவசுப்பிரமணியன் முகம் மாறியது. ஏற்கெனவே அப்படி ஒரு வண்டி வாங்கி நொந்தவர் போலிருக்கிறது. "எறக்கியிருக்கீங்களா?" என்றார்.

"சேச்சே!"

"டீசல் அப்புறம் போடும்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு நடராசனிடம் திரும்பினார். "நான் எந்த வண்டி வாங்குனாலும் ஒரு வழக்கம் வச்சிருக்கேங்க. சாமி முன்னாடி கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணிக் குடுத்தாத்தான் வண்டிய வாங்குவேன்."

"அதுக்கென்னங்க, ஊருக்குப் போயி எங்க குலசாமி கோயில்ல..." என்று இழுத்தான் நடராசன்.

"எதுக்கு சார் அம்புட்டு தூரம்?" என்றாள் செங்கமலம். "இங்கயே ஆத்தா இருக்கா. வெள்ளிக்கிழமை, நடை தொறந்திருக்கு."

சிவசுப்பிரமணியன் வண்டியைக் கிளப்பிவிட்டார். செங்கமலம் குழாயைக் கொளஞ்சி கையில் திணித்தாள். மேனேஜரிடம் "ஆத்தாவுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு ஓடியாறேன் சார்" என்றவள், அவர் சரியென்று சொல்வதற்குள் கேட்டைத் தாண்டியிருந்தாள்.

கோயில் வாசலில் கூட்டம். வண்டியைப் பூசைக்கு நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். நடராசன் கையை நீட்டப் போனபோதுதான் எதிரே காது குத்துக்கு வந்த ஊர்ச் சனத்தைப் பார்த்தான். முன்னால் கண்ணையன் நின்றார். மூச்சிரைக்கச் செங்கமலமும் வந்து அவர் பக்கத்தில் நின்றாள். நீட்டின கை பாதியில் நின்றது.

செங்கமலம் சிவசுப்பிரமணியனிடம் பேசினாள். கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் பேசினாள். "சார், எல்லா நாளும் சேத்துச் சொல்லச் சொல்லுங்க. எங்க வூட்டுக்காரரு செத்த மாசி மகத்தன்னிக்கும் சேத்து."

கண்ணையன் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். நடராசன் அவரைப் பார்த்தான், பிறகு வண்டியைப் பார்த்தான். கியர் பாக்ஸ் இறக்கினேன் என்றால் வண்டி விற்காது. இறக்கவே இல்லை என்றால் தம்பி சாவு அவன் தலையில். கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது. சிவசுப்பிரமணியன், "ஏங்க, யோசிக்கிறீங்க? எறக்கியிருந்தா சொல்லிடுங்க, நான் கெளம்புறேன்" என்றார்.

வாங்க வந்த ஆள் போய்விடுவான் என்றதும் நடராசனுக்கு வேறெதுவும் தெரியவில்லை. தட்டென்று கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தான். "ஆத்தா மேல சத்தியமா கியர் பாக்ஸ் எறக்கினதே இல்ல. ஒரு நாளும் எறக்கினதில்ல."

இரண்டாவது தடவையும் அவன் தம்பியை விட்டுவிட்டு வண்டியைத்தான் எடுத்துக்கொண்டான்.

"அப்ப மாசி மகத்தன்னிக்கு வண்டி எங்கடா நின்னுச்சு?" என்றார் கண்ணையன்.

நடராசன் உள்ளங்கையில் இருந்த கரியைத் தேய்த்தான். "சொல்லுடா. கற்பூரம் அணைச்ச கையில இன்னும் சூடு ஆறல" என்றார் பெரியவர். அவன் சுமதியைப் பார்த்தான், எப்போதும் போல அவள் சும்மா இருப்பாள் என்று. சுமதி அவனைப் பார்க்கவில்லை.

"ஷெட்டுலதான் நின்னுச்சு பெரியப்பா" என்றாள். "இவ வந்து கெஞ்சினா. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு."

"நீங்க சொல்லுங்க" என்று புருஷனைப் பிடித்து உலுக்கினாள்.

"ஷெட்டுல" என்றான் நடராசன். காற்றுதான் வந்தது. கண்ணையன் காதில் கையை வைத்துக் காட்ட, இன்னொரு தடவை சொன்னான். "வூட்டு ஷெட்டுலதான் நின்னுச்சு."

கூட்டத்தில் யாரோ ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினாள். சிவசுப்பிரமணியன் சாவியைக் கற்பூரத் தட்டிலேயே வைத்தார். "கூடப் பொறந்தவன் உசுருக்கு நகராத வண்டி எனக்கு வேணாங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். சுமதி ஊர் வேனில் ஏறிக்கொண்டாள். கண்ணையன் செங்கமலத்தின் முன்னால் வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு ட்யூட்டிக்குப் போனாள்.

அவள் போய்க் குழாயை வாங்கிய கொஞ்ச நேரத்தில் கறுப்பு வண்டி இருமிக்கொண்டே பங்குக்குள் உருண்டு வந்தது. டேங்கில் ஒன்றுமில்லை, வேறு எங்கே போவான்? பின்னாலேயே ஊர் வேனும் வந்து ஓரமாக நின்றது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம்தான் பார்த்தார்கள். நடராசன் கண்ணாடியை முழுசாக இறக்கினான்.

"டீசல்... கொஞ்சமா..." என்றான்.

செங்கமலம் அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். காரியத்தன்று அறுத்த பேச்சை அன்றைக்குத்தான் எடுத்தாள்.

"டீசல் என்ன தண்ணியா வருது மாமா?"

அவள் அவசரப்படவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடிக்கிற வரைக்கும் அந்தக் கேள்வியை அங்கேயே நிற்க விட்டாள்.

"பெரிய வண்டி மாமா. கொஞ்சமெல்லாம் எந்த மூலைக்கு?" என்றாள்.

வேனில் இருந்த கண்களை அவன் ஒரு தடவை பார்த்தான். அத்தனை நடந்த பிறகும் அவனுக்குள் இருந்த வீம்பு செத்திருக்கவில்லை. "ஃபுல்" என்றான்.

அவள் குழாயைச் செருகினாள். "ஜீரோ பாத்துக்கங்க."

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான்.

"பாத்தாத்தான் போடுவேன் மாமா."

நடராசன் மெல்லத் திரும்பினான். மீட்டரைப் பார்த்தான், அவளையும் பார்த்தான். அதற்கப்புறம்தான் அமுக்கினாள். குழாய் தானாக டக்கென்று நிற்கிற வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.